சோபாவுக்குள் மகாராணி

மாமா எந்த சோபாவைப் பிரிப்பதற்கு முன்பும் கத்தரியைத் தொடமாட்டார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, இருக்கைக்கும் சாய்மானத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கில் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு துழாவுவார். கொண்டை ஊசி, பேனா மூடி, ஒற்றைக் கம்மல். அகப்பட்டதையெல்லாம் ஒரு துணியில் முடிந்து, வேலை முடிந்ததும் சோபாவோடு கொடுத்துவிடுவார்.

அக்காவின் கணவர். முன்னால் சோபா ரிப்பேர் கடை, பின்னால் வீடு. நானும் அங்கேதான் இருந்தேன். அதிகம் பேசாத என்னிடம் அவர் அதைவிடக் குறைவாகப் பேசுவார். நாய்கள் காப்பகத்திலிருந்து அவர் கூட்டிவந்த பழுப்பு நாய் எங்கள் இருவரையும் மிஞ்சியது. வந்த அன்றே, ஒரு டீச்சரம்மா ரிப்பேருக்குக் கொடுத்திருந்த பெரிய சோபாவுக்கு அடியில் புகுந்துகொண்டது. ஆளில்லாத நேரம் பார்த்துச் சாப்பிடும். காலடிச் சத்தம் கேட்டால் மறுபடி உள்ளே.

"இன்னைக்கும் மகாராணி தரிசனம் கிடையாதா?" என்பாள் அக்கா. அதுவே பெயராகிவிட்டது.

மாதக் கடைசிக்குள் ஒத்துவராவிட்டால் திரும்ப அழைத்துக்கொள்வதாகக் காப்பகத்தில் சொல்லியிருந்தார்கள். மாமா கூப்பிடவுமில்லை, அதட்டவுமில்லை. சோபாவுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து உறை தைத்தார். சோபாவைக் கவிழ்த்தால்தான் அடிப்பக்கத்துக் கிழிந்த கறுப்புத் துணியை மாற்ற முடியும். கவிழ்த்தால் நாய் எங்கே போகும்? அந்த வேலையை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

"ஏங்க, சோபா கொடுத்தவங்க தரையில உக்காந்திருக்காங்க. நாய்க்கு சோபா கேக்குதா?"

"மேலயா உக்காந்திருக்கு? அடியிலதான."

மாதக் கடைசியில் ஒரு காலை, டீச்சரம்மா போனிலேயே சத்தம் போட்டார். "அடித்துணிய அங்க போய் அடிச்சுக்கலாம். தூக்கு, மாப்ள" என்றார் மாமா. குனிந்து பார்த்தோம். அடியில் நாய் இல்லை. ஃபோம் கட்டுகளுக்குப் பின்னால் போயிருக்கும் என்று நினைத்தோம்.

"கனமா இருக்கே, மாமா."

"புது ஃபோம்ல."

ஃபோம் கனக்குமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அக்கா ஊருக்குப் போயிருந்தாள்; கடையைப் பூட்டிவிட்டு வேனில் ஏற்றிப் போனோம்.

டீச்சரம்மா வீட்டுக் கூடத்தில் சோபாவை இறக்கியதும் மாமா, கவிழ்ப்பதற்கு முன் படுத்துக்கொண்டு அடித்துணிக் கிழிசலைத் துழாவக் கை நீட்டினார். கை அப்படியே நின்றது. கிழிசலுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் அவரைப் பார்த்தன. மகாராணி அந்தத் துணிக்குள் தூளியில் கிடப்பதுபோல் கிடந்து வந்திருக்கிறது.

"நான் உக்காரலாமா, இல்லையா?" என்றார் டீச்சரம்மா.

"வேணாம்மா. உள்ள ஆள் இருக்கு."

விஷயம் தெரிந்ததும் டீச்சரம்மா நாற்காலியில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டார். மாமா வழக்கம்போல் முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்றேன். வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்து போனது. டீச்சரம்மா காப்பி போட்டுக் கொடுத்தார், அது ஆறியது.

மதியம் தாண்டித்தான் மகாராணி வெளியே வந்தது. டீச்சரம்மாவைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. தெரியாத அந்த வீட்டில் அதற்குத் தெரிந்த முதுகு ஒன்றுதான். நேராகப் போய் அதில் தலையைச் சாய்த்துக்கொண்டது. மாமா அசையவில்லை.

"இனிமேலாவது நான் உக்காரலாமா?" என்றார் டீச்சரம்மா.

தடுப்பூசி போட வந்த காப்பகத்துப் பெண் சொல்லித்தான் எனக்குப் பின்னால் தெரிந்தது: சோபாவைக் கொண்டுபோன அன்று மதியம் வந்து நாயை அழைத்துப் போகும்படி மாமாவே முந்தின நாள் போன் செய்திருக்கிறார். அவர்களும் சொன்ன நேரத்துக்கு வந்து, கடை பூட்டியிருந்ததால் திரும்பிப் போயிருக்கிறார்கள்.