எண்ணெயில் அழிந்த சிலுவைகள்

"நிறைந்துவிட்டதா?" என்று காலைதோறும் இன்கிரிட் கேட்கிறாள். அவள் கேட்பது என் மனதை அல்ல, சிறுநீர்ப்பையை. நோர்வேயில் இத்தனை வருடமாகப் பக்கத்து வீட்டுக்காரன் என்னிடம் சுகம் விசாரித்ததில்லை. கதிர்ச் சிகிச்சைப் பகுதியில் வேலை செய்யும் இந்தப் பெண்ணோ என் உள்நிலவரம் முழுவதையும் விசாரிக்கிறாள். எனக்குப் புரொஸ்டேட்டில் புற்றுநோய். தண்ணீர் குடித்துப் பையை நிரப்பினால் குடல் கதிருக்கு எட்டாமல் விலகி நிற்குமாம். சொல்லிவிட்டார்கள், நிரப்புகிறேன். நோயின் பெயரைக் கேட்ட அன்றே என் மரண அறிவித்தலுக்குப் படம் தேர்ந்தெடுத்த வீரன் நான். தலையில் மயிர் இருந்த காலத்துப் படம்.

இடுப்பின் இரு பக்கமும் அடிவயிற்றிலும் பேனாவால் சிலுவை கீறியிருந்தார்கள். சுவரிலிருந்து வரும் லேசர் கோடுகள் அவற்றில் விழும்படி என்னைக் கிடத்துவார்கள். இயந்திரம் என்னைச் சுற்றி வந்து உள்ளே படம் எடுக்கும். அதை முதலில் எடுத்த படத்தோடு பொருத்திப் பார்த்து, மேசையைக் கொஞ்சம் நகர்த்தி, அதன் பிறகுதான் கதிர். கொட்டாஞ்சேனையில் பிறந்த கத்தோலிக்கனுக்கு உடம்பில் மூன்று சிலுவை கிடைத்ததே பாதித் தைரியம்.

சின்ன வயதில் கிரிக்கெட் விளையாடிக் கை முறிந்தபோது, அக்கா என் எக்ஸ்ரேயை ஜன்னலில் உடுப்புக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். வெளிச்சத்தில் என் எலும்பைப் பார்க்க எங்கள் ஒழுங்கைச் சனமே வந்தது. எதிர்வீட்டு சோமா அக்கே "அனே மல்லி", ஐயோ தம்பி, என்று சிங்களத்தில் அழுதார். மீன்காரர் முறிவைத் தொட்டுக் காட்டி மருந்தும் சொன்னார். இங்கே என் படத்தைக் கதவுக்கு அப்பால் யாரோ பார்க்கிறார்கள்.

போன கிழமை அக்கா, ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் மாதா கோயிலில் ஆசீர்வதித்த எண்ணெயும் ஒரு பை காரக் கடலையும் கொடுத்துவிட்டிருந்தாள். கடலையை நான் பார்த்துக்கொண்டேன். எண்ணெயை மனைவி ரீட்டா எடுத்தாள்.

"அசையாமல் கிடவுங்கோ. நோயிருக்கிற இடத்திலதான் பூசச் சொன்னவா."

மறுநாள் இன்கிரிட் என் இடுப்பை நெடுநேரம் பார்த்தாள். "சிலுவைகள் எங்கே?"

"ஓல்யே" என்றேன். எண்ணெய்.

எண்ணெய் விற்றுப் பணக்காரரான நாடல்லவா. "கடலில் எண்ணெய்த் தளத்திலா வேலை?" என்று அனுதாபத்தோடு கேட்டாள். மாதாவுக்கும் பெற்றோலியத்துக்கும் உள்ள வித்தியாசத்தை என் நோர்வேஜிய மொழியில் விளக்குவதற்குள் வியர்த்துவிட்டது. கதிர் நோயை விட்டுவிட்டு வேறெங்கோ பாயப் போகிறது, அக்காவின் அன்பே என்னைக் கொல்லப் போகிறது என்று முடிவு கட்டினேன்.

"பயப்படாதீர்கள். கோடு போனாலும் எலும்பு போகாது. படத்தில் தேடிப் பிடிப்போம்" என்றாள்.

பிடித்தார்கள். ஆனாலும் என்னை மேசையிலிருந்து இறக்கினார்கள். படத்தைக் காட்டும்படி கெஞ்சினேன். திரையில் ஆரஞ்சு நிறத்தில் முதல் நாள் நான், நீல நிறத்தில் இன்றைய நான். இடுப்பெலும்பில் இருவரும் ஒன்றாகிச் சாம்பல் நிறமாகியிருந்தோம். குடலில் மட்டும் கன்னங்கரேலென்று ஒரு பெரிய குமிழி.

"எலும்பெல்லாம் சரி. இந்தக் காற்றுத்தான் புரொஸ்டேட்டைத் தள்ளி வைத்திருக்கிறது. என்ன சாப்பிட்டீர்கள்?"

கடலையைக் காட்டிக் கொடுத்தேன். நடந்துவிட்டு வரச் சொன்னாள். போகுமுன் அனுமதி கேட்டுத் திரையைப் போனில் படம் பிடித்துக்கொண்டேன். தண்ணீரை அடக்கிக்கொண்டு காற்றை மட்டும் விடுவதென்பது பெரிய கலை. நடைபாதையில் அதைப் பயின்றுகொண்டிருந்தபோது ஊரிலிருந்து அக்கா போனில் அழைத்தாள்.

"பூசினியாடா?"

"ஓம் அக்கா."

"கடலை?"

"அது உள்ளுக்கு நிக்குது. படத்திலயே தெரியுது."

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்தப் படத்த அனுப்பு. பிரின்ட் எடுத்து ஜன்னல்ல போட்டுப் பாக்கிறன்" என்றாள். அனுப்பினேன்.

திரும்பவும் கிடத்தினார்கள். இயந்திரம் சுற்றி வந்தது. மேசை மெல்ல இடப்பக்கம் நகர்ந்து நின்றது. "இப்போது பொருந்திவிட்டீர்கள்" என்று ஒலிபெருக்கியில் இன்கிரிட்டின் குரல் கேட்டது. நான் அசையவில்லை. கொட்டாஞ்சேனையில் இந்நேரம் அக்கா ஜன்னல் திரையை விலக்கி, கிளிப் தேடிக்கொண்டிருப்பாள்.