ஒரு குடும்பத்துக்கு ஒன்று

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிற வீடல்ல எங்களுடையது. அத்தானுக்கு டோர்வல் விமான நிலையத்தில் விமானம் துப்புரவாக்கும் வேலை. பயணிகள் இருக்கையில் போட்டுவிட்டுப் போகிற பத்திரிகைகளைக் கட்டாகக் கட்டிக் கொண்டுவருவார். ஒரே பத்திரிகையில் நாலைந்து பிரதி இருக்கும். நானும் அக்காவும் செய்தியைத் திரும்பியும் பார்க்க மாட்டோம். உள்ளே செருகியிருக்கும் பளபளப்பான தாள்களை உருவியெடுத்து, அக்காவின் குழந்தை தூங்குகிற நேரமாகப் பார்த்து நிலத்தில் பரப்புவோம். கூப்பன் வெட்டுவதில் ஒரு ருசி இருந்தது, பொய் சொல்லவில்லை. சவர்க்காரம், தகரத்தில் அடைத்த தக்காளி ரின், குழந்தைப் பால்மா. கத்தரிக்கோல் கரகரவென்று போகும்போது, இந்த நாட்டில் யாரோ எங்களுக்கும் ஏதோ தரச் சம்மதித்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

மிச்சம் பிடிக்கிற காசெல்லாம் தம்பிக்கு. அவன் யாழ்ப்பாணத்தில் அம்மாவோடு தனியே இருந்தான். மீசை அரும்பிய பொடியன்களை ஆமி சுற்றிவளைத்துப் பிடித்துக்கொண்டிருந்த காலம். அவனை எப்படியும் இங்கே எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு கூப்பனை வெட்டும்போதும் அக்கா, "இது தம்பியின்ரை ரிக்கற்றுக்கு" என்பாள்.

அந்த வியாழக்கிழமை குடிவரவுக் கந்தோருக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார். கணவன் என்றால் எடுக்கலாம், பெற்றோர் என்றால் எடுக்கலாம். சகோதரங்கள் குடும்பம் என்பதற்குள் வரமாட்டார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த பிள்ளை, எனக்குக் குடும்பம் இல்லையாம்! ஆனால் அங்கே வாயைத் திறக்கவில்லை. தெரிந்த கொஞ்ச இங்கிலிசும் தொண்டையில் நின்றுவிட்டது.

அந்த ஞாயிறு வந்த பத்திரிகையில் பால்மா ரின் பாதி விலை. கீழே பொடி எழுத்தில், ஒரு குடும்பத்துக்கு ஒன்று மட்டும். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு என்பதால் திங்கட்கிழமை கோட்-டெ-நெய்ஜில் இருந்த பெரிய கடைக்குப் போனோம். அக்காவும் அத்தானும் ஒரு வரிசையில், நான் பக்கத்து வரிசையில், ஆளையாள் தெரியாத மாதிரி நிற்பது என்று திட்டம் போட்டது நான்தான். இதில் எனக்கு ஒரு துளி வெட்கமும் இல்லை. கந்தோரே சொல்லிவிட்டதே, சகோதரங்கள் ஒரு குடும்பம் இல்லையென்று! அப்படியென்றால் அக்கா ஒரு குடும்பம், நான் ஒரு குடும்பம்.

என் முறை வந்தது. சில்லறை கொஞ்சம் குறைந்தது. நான் கைப்பைக்குள் துழாவிக்கொண்டிருக்க, பக்கத்து வரிசையிலிருந்து ஒரு கை நோட்டோடு நீண்டது.

"விடு பிள்ளை, நான் குடுக்கிறன்."

அத்தான்! மச்சாள் நான் காசுக்குத் தடுமாற அவர் பார்த்துக்கொண்டு நிற்பாரா? எங்கள் ஆட்களின் இந்த வியாதிக்கு மருந்தே கிடையாது. தேத்தண்ணிக் கடையிலும் பஸ்ஸிலும், நீ கொடாதே நான் கொடுக்கிறேன் என்று கையைப் பிடித்து இழுத்தே வளர்ந்தவர்கள். நான் முறைத்தேன். அவர் விளங்காமல் நோட்டை இன்னும் நீட்டினார்.

காசு வாங்குகிற பெண் என்னைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். இரண்டு முகத்திலும் ஒரே மூக்கு. மணியை அடித்தாள். மனேஜர் வந்தான்.

"இவர் உங்கள் சகோதரியா?" என்று அக்காவைக் காட்டி இங்கிலிசில் கேட்டான்.

எனக்கு முன்னால் அத்தான் முந்திக்கொண்டார். "யெஸ், யெஸ். சிஸ்டர். சேம் ஃபமிலி." முகமெல்லாம் பெருமை.

"அப்படியென்றால் நீங்கள் எல்லாரும் ஒரே குடும்பம். ஒரு ரின்தான்" என்றான் மனேஜர்.

வியாழக்கிழமை தொண்டையில் நின்றது முழுக்க அப்போதுதான் வெளியே வந்தது. "சகோதரம் குடும்பமோ? வடிவாச் சொல்லு, குடும்பமோ?" என்று தமிழில் கத்தினேன். பிறகு தெரிந்த இங்கிலிசில் கத்தினேன். கூப்பனை மறுபக்கம் திருப்பி அவன் முன்னால் அடித்து வைத்தேன். எழுது என்றேன். சகோதரம் குடும்பம்தான் என்று இதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தா, கந்தோரில் கொண்டுபோய்க் காட்டுகிறேன். அவன் ஓரடி பின்னால் போனான்.

"விசரி, வாடி. சனம் பாக்குது" என்று அக்கா இழுத்தாள்.

"பாக்கட்டும்! நல்லாப் பாக்கட்டும்!"

ஒரு ரின்னோடு பஸ்ஸுக்கு நின்றோம். "என்னாலைதான்" என்றார் அத்தான். அக்கா குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மற்றக் கூப்பன் என் கைக்குள் கசங்கிக் கிடந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

இங்கே பனி கரைவதற்கு முன்பே அங்கே தம்பியை ஆமி பிடித்துக்கொண்டு போனது. எங்கே கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை தெரியாது.

செய்தி வந்த அன்று டவுன்டவுனில் நான் வேலை செய்த சாப்பாட்டுக்கடையில் லீவு கேட்டேன். முதலாளி கெட்டவனல்ல. தம்பி என்றதும் முகம் வாடிப்போய், வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டான்.

"நெருங்கிய குடும்பமா?"

"ஓம்" என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவனுக்கு விளங்கியதா என்று பார்க்க நான் நிற்கவில்லை.