ஒராள் சோறு

சாய்ந்தமருதுப் பக்கத்தில் கச்சிமுகம்மதுவின் கைபடாமல் நடந்த கல்யாணம் ஒரு காலத்தில் அரிது. பெரிய கிடாரத்தை அடுப்பில் ஏற்றி, நெய்ச்சோற்றுக்கு உலை வைத்து, மூடியின்மேல் தணலை அள்ளிப் போட்டுவிட்டாரென்றால், பக்கத்தில் ஒரு பலகையை இழுத்துப் போட்டுக் குந்திவிடுவார். மூடியைத் திறந்து பார்க்கமாட்டார். காதை மட்டும் கிட்டக் கொண்டுபோவார். "இன்னும் முனகுது, பொறுங்க" என்பார். அந்த முனகல் அடங்குகிற நேரம் அவருக்குத்தான் தெரியும். அடங்கியதும் எழும்பி, தோளில் கிடக்கிற துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிஸ்மி சொல்லி மூடியைத் தூக்குவார். ஏலக்காய் மணம் ஒழுங்கை முழுக்க நடந்து போகும்.

அந்தத் தொழிலில் ஒரேயொரு வெட்கம்தான் உண்டு. கிடாரத்தின் அடி தெரிந்துவிடக் கூடாது. ஆறு பேர் வட்டமாய்க் குந்தியிருந்து ஒரே தட்டில் உண்ணுகிற சஹன் எத்தனை விழுந்தாலும் சரி, கடைசிச் சஹனும் எழும்பிய பிறகு உள்ளே சோறு கிடக்க வேண்டும். இன்னும் வராத ஆள் ஒருவர் எப்போதும் இருப்பார் என்பது கச்சிமுகம்மதுவின் கணக்கு.

இவ்வளவு பெரிய கைக்காரர் தன் வீட்டில் ஒரு தேத்தண்ணி ஊற்றியதில்லை. எங்கள் ஊர்களில் கல்யாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குத்தான் போய்ச் சேருவான். வீடு மனைவி ஆயிஷா உம்மாவுடையது, அடுப்பும் அவருடையதே. அந்த அடுப்படிக்குள் கச்சிமுகம்மது ஒரு விருந்தாளி.

கடல் ஊருக்குள் வந்த காலையில் அவர் மேற்கே, வயல்பக்கம் ஒரு கல்யாண வீட்டில் கிடாரத்தடியில் இருந்தார். சனம் நனைந்த உடுப்போடு ஓடி வந்தது. அவர் எதிர்ப்பக்கமாக ஓடினார். வீடு இருந்த இடத்தில் மணல் இருந்தது. அங்குமிங்கும் கூப்பிட்டு அலைந்து திரும்பி வந்தவரிடம் யாரோ கேட்டார்கள்: "காக்கா, அந்தச் சோறு இரிக்குதா? பள்ளிக்கூடத்தில புள்ளையள் பசியில கத்துதுகள்."

கல்யாணம் நின்றுபோனாலும் கல்யாணச் சோறு நிற்கவில்லை. நீண்ட கைகளையெல்லாம் பார்த்துப் பார்த்து அவரே அள்ளிப் போட்டார். ஆயிஷா உம்மாவின் கை வரவில்லை. கிடாரத்தின் அடியில் ஒரு பீங்கான் அளவு சோற்றை மட்டும் அவர் ஒருவருக்கும் போடவில்லை. அது புளித்துப் போகும்வரை மூடியே வைத்திருந்தார்.

அடக்கம் செய்ய மையித்துக்கூடக் கிடைக்கவில்லை.

அதன்பிறகு மகள் நதீராவோடும் மருமகனோடும் தகரக் கொட்டிலில் சில வருசங்கள். அந்தத் தகரத்தின் வெக்கைக்குள்தான் சீனி வருத்தம் பிடித்தது. கால் பெருவிரலில் ஒரு புண் வந்து ஆறமாட்டேன் என்றது. நெருப்படியில் நிற்க ஏலாமல் கிடாரத்தைக் கைவிட்டார். யுத்தம் முடிந்த வருசம் வீட்டுத் திட்டத்தில் அவருக்கு ஒரு வீடு கிடைத்தது. நதீராவின் சீதன வீடு கடலோடு போய்விட்டதால், அவளுடைய மாப்பிள்ளை பாலமுனையில் தன் காணியில் வீடு கட்டி அவளைக் கூட்டிப் போனான். "வாப்பா, நீங்களும் வாங்க" என்று அவள் நின்றாள். மருமகன் கட்டின வீட்டில் மாமனார் போய்க் குந்துவதா? அந்தக் காரணத்தை அவர் சொல்லவில்லை. "இஞ்ச ஒராள் இரிக்கத்தானே வேணும்" என்று மட்டும் சொன்னார். யார் வருகிறார்கள் என்று இருக்க வேண்டும்? அதை அவளும் கேட்கவில்லை.

ஆனாலும் நதீரா விடவில்லை. "கடைச் சோத்தத் திண்டு திண்டு கால வெட்டக் குடுக்கப் போறீங்க. கிளினிக்குல சீனி இறங்கல்லண்டா நான் வந்து சாமானெல்லாம் கட்டுவன். மறுகா கதையில்ல" என்றாள் தொலைபேசியில்.

"கடையில திங்கல்ல. நானே ஆக்கித் திம்பன்."

பின்னால் மருமகனின் சிரிப்புக் கேட்டது. "மாமா ஆக்கினா பாலமுனைக்கும் காணுமே!"

ஒரு சின்னச் சட்டி வாங்கினார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் குருவிக்கூடு போலிருந்தது. முதல் நாள் பழக்கத்தில் கை தானாக உப்பைப் பிடியாய் அள்ளியது. சோறு கடல்தண்ணியாய்ப் போனது. அடுத்த நாள் சட்டியில் காதை வைத்துக் கேட்டார். கிடாரம் முனகும், சின்னச் சட்டியோ குசுகுசுத்தது. அந்தக் குசுகுசுப்பு விளங்க அவருக்குக் கனநாள் எடுத்தது.

ஆனால் பிடித்துப்போயிற்று. நெய்யில்லை, இறைச்சியில்லை. சிவப்பரிசிச் சோறு, தேங்காய்ப்பால் விடாத மீன் புளியாணம், முருங்கையிலைச் சுண்டல். விடியலில் சுபஹுத் தொழுது வந்து அடுப்பைப் பற்றவைத்தால், ஜன்னலால் வயல்வெளி பனியில் மிதந்து வரும். சட்டியின் ஆவி அந்தப் பனியோடு போய்ச் சேரும். கீரையை ஆயும்போது ஒவ்வொரு இலையாய்க் காம்பை விட்டுக் கழலுகிற சத்தம்கூட அவருக்குக் கேட்டது. எத்தனையோ மூடை அரிசி அவிழ்த்த கைக்கு, ஒரு அரிசி எவ்வளவு சிவப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. சில காலைகளில் அகப்பையைப் பிடித்தபடியே நின்றுவிடுவார். எங்கே நிற்கிறோம், எந்த அடுப்பு, எந்த வருசம் என்பதெல்லாம் ஆவிக்குள் கரைந்துபோகும். பின்னால் ஒரு வளையல் சத்தம் கேட்கும் போலிருக்கும். திரும்ப மாட்டார். திரும்பினால் நின்றுவிடும்.

ஒரு தொல்லைதான். எப்படி ஆக்கினாலும் மிஞ்சியது. மிஞ்சிய சோற்றைக் கொட்டுவது அவருடைய தொழிலில் பாவம். ஆதலால் பீங்கானில் போட்டுப் பக்கத்து வீட்டு ஸுஹைறாவுக்குக் கொடுப்பார். எதிர்வீட்டுக்குக் கொடுப்பார். கொடுத்த பீங்கானை வெறுமையாய்த் திருப்பி அனுப்புகிற வீடு எங்கள் ஊரில் கிடையாது. முருங்கைச் சுண்டல் போன பீங்கானில் கருப்பட்டி ஊறிய வட்டிலப்பம் வந்தது. புளியாணம் போன கோப்பையில் இனிப்புத் தொதல் வந்தது.

"கருப்பட்டி கூடப் போட்டு அவிச்சன் காக்கா. தனிய இரிக்கீங்க, வாய்க்கு ருசியாத் தின்னுங்க" என்பாள் ஸுஹைறா. மனம் நோகாமல் எப்படி வேண்டாம் என்பது? கொட்டவும் ஏலாது. தின்றார். ருசியாய்த்தான் இருந்தது.

கிளினிக்கில் சீனி முன்னைவிட ஏறியிருந்தது.

"ஐயா, உண்மையச் சொல்லுங்க, என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார் இளம் பெண் டொக்டர்.

"சிவப்பரிசி. கீரை. மீன் ஆணம். எண்ணெயே தொடுறல்ல."

"வேறென்ன?"

கச்சிமுகம்மது கொஞ்சம் யோசித்தார். "வெறும் பீங்கான் வராதே, டொக்டர்."

கதையைக் கேட்டு டொக்டர் சிரித்தார். பிறகு கால்விரலைக் குனிந்து பார்த்தபோது சிரிப்பு நின்றது. "மிஞ்சாமச் சமையுங்க ஐயா. இல்லாட்டி இந்த விரல என்னால காப்பாத்த ஏலாது."

அன்றைக்கே நதீரா பேசினாள். இந்த முறை அவள் சத்தம் போடவில்லை. "ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்தி இன்னொரு கிளினிக் இரிக்கி. அதான் கடைசி வாப்பா. நான் அறையும் கூட்டி வெச்சிட்டன்" என்றாள் மெதுவாக. கூட்டி வைத்த அறை அவரைப் பயப்படுத்தியது.

மிஞ்சாமல் ஆக்குவதற்கு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. பால்டின்னால் அளக்கிற சுண்டில் பாதி அளந்து சட்டியில் போடுவார். போட்ட பிறகு கை மறுபடி சாக்குக்குள் போகும். இன்னொரு பிடி விழுந்துவிடும். கையைப் பார்ப்பார். அது தன் கைதானா என்று சந்தேகம் வரும்.

கல்முனைச் சந்தையில் அவருக்குக் கீரை கொடுப்பது பாண்டிருப்புச் செல்லத்தங்கம். யுத்தம் முடிந்ததென்று சந்தியில் வெடி கொளுத்திய அன்று, தலையைத் தூக்காமல் கீரையை அடுக்கிக்கொண்டிருந்தவர் அவர். அந்தத் தாயின் மூத்த மகன் வன்னிப் பக்கம் போனவன்; அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை.

ஒரு நாள் கீரையைச் சுற்றிக் கொடுக்கும்போது செல்லத்தங்கம் கேட்டார்: "காக்கா, வீட்டில நீங்க தனியத்தானே?"

"ஓம்."

"ஒராளுக்கு ஒரு கட்டுக் காணும். நீங்க எந்த நாளும் ரெண்டெல்லோ வாங்குறயள். புதுசா ஆரையும் கூட்டி வந்திற்றயளோ?"

பக்கத்தில் தேசிக்காய் விற்றவன் வாய்விட்டுச் சிரித்தான். கச்சிமுகம்மதுவும் சிரிக்கப் பார்த்தார். முகம் ஒத்துவரவில்லை. இரண்டு கீரைக்கட்டையும் குழந்தையைப் போல நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

செல்லத்தங்கம் அந்த முகத்தைப் பார்த்தார். தண்ணீரைக் கையில் எடுத்துக் கீரைக்குத் தெளித்தார். "ஒண்டும் நினையாதீங்க காக்கா. நானும் உலையில ஒரு பிடி கூடத்தான் போடுறன். விடிய நாய்க்குப் போகுது" என்றார்.

அன்று பகல், ளுஹர் தொழுதுவிட்டுப் பாயில் சாய்ந்தவருக்கு உறக்கமா விழிப்பா என்று தெரியாத ஒரு நிலை வந்தது. ஓட்டு இடுக்கால் வெயில் ஒரு காசு போல விழுந்து, சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. கடலடி வீட்டு அடுப்படி, அதே கரிச்சுவர். ஆயிஷா உம்மா முதுகு காட்டிக் குந்தியிருக்கிறார். சுளகில் அரிசி. உலைக்குப் போடுமுன் ஒரு பிடியை எடுத்து, பிஸ்மி சொல்லி, பக்கத்தில் இருந்த டின்னுக்குள் போடுகிறார். மழை தகரத்தில் விழுந்தது போல ஒரு சத்தம். பிடியரிசி. எந்த நாளும் ஆக்குமுன் எடுத்து வைத்து, டின் நிரம்பியதும் பள்ளிவாசலில் தாய்தகப்பன் இல்லாத யத்தீம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அரிசி. ஆயிஷா உம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "இது நமக்கில்ல" என்கிற மாதிரி டின்னின் மூடியை மட்டும் அழுத்தினார்.

அத்தனை வருசம் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி உண்டு எழும்பிய மனிசன், அதைக் காதில் வாங்கியதே இல்லை.

அடுத்த நாள் ஒரு பால்மா டின்னைக் கழுவிக் காயவைத்தார். அரைச் சுண்டு அளந்து சட்டியில் போட்டார். கை வழக்கம்போல சாக்குக்குள் போய் ஒரு பிடியோடு வந்தது. அதை அவர் தடுக்கவில்லை. சட்டிக்கு மேலே வந்த கையை மெல்ல இந்தப் பக்கம் திருப்பி, டின்னுக்குமேல் விரித்தார். மழை விழுந்தது.

உண்டு முடித்துச் சட்டியைப் பார்த்தபோது அடி தெரிந்தது. பளபளவென்று தெரிந்தது. வாழ்நாள் வெட்கமெல்லாம் காதுமடலில் ஏறியது. கதவைச் சாத்திக்கொண்டு கழுவினார்.

சில நாளில் ஸுஹைறா வேலியடியில் வந்து நின்றாள். "என்ன காக்கா, எங்களோட கோவமா? பீங்கானக் காணல்லயே."

"கோவமா? இல்ல புள்ள. ஒராளுக்குக் காணுமா ஆக்கப் பழகிட்டன்."

"அப்ப வட்டிலப்பம்?"

"பெருநாளைக்கு ஒரு துண்டு தா. பேரப்பிள்ளையள் வந்தா திங்கட்டும், நான் மணந்து பார்க்கன்."

டின் நிரம்பிய வெள்ளிக்கிழமை அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். அரிசியை வாங்கிச் சாக்கில் கொட்டிய பள்ளிவாசல் மோதினார் இப்றாஹிம், துஆ ஓதுவதற்காக வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "ஆர்ர பேரில காக்கா?"

கச்சிமுகம்மது வெறும் டின்னுக்கு மூடியைப் போட்டு அழுத்தினார். வெளியே தென்னோலைகள் அசைந்துகொண்டிருந்தன. கடல் தொலைவில் தன்பாட்டில் இரைந்தது.

"மர்ஹூமா ஆயிஷா உம்மா" என்றார்.

அந்த முதற்சொல்லை, இறந்துபோனவரென்ற அந்தச் சொல்லை, அவர் வாய் மனைவியின் பெயருக்கு முன்னால் வைத்தது அதுதான் முதல்தடவை. இப்றாஹிம் கையேந்தினார். இவரும் ஏந்தினார்.

பெருநாளைக்கு முந்திய கிளினிக்கில் சீனி இறங்கியிருந்தது. கனக்க இல்லை, ஆனால் விரலின் புண் ஓரத்தால் இளஞ்சிவப்பாய் மூடத் தொடங்கியிருந்தது. "இப்பிடியே விடாமப் பிடிங்க ஐயா" என்றார் டொக்டர்.

அடுத்த நாள் விடியலில் நதீரா தொலைபேசி எடுத்தபோது அவர் அரிசி அளந்துகொண்டிருந்தார். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டார்.

"அப்ப வரமாட்டீங்க?"

"பெருநாளைக்கு வாறன் மகள். உன்ட மாப்பிள்ளைட்டச் சொல்லு, பெருநாள் கிடாரம் என்ட கையாலதான். மற்ற நாளைக்கு இஞ்சதான்."

"தனியச் சாப்பிடுறது உங்களுக்குக் கஷ்டமில்லயா வாப்பா?" என்றாள் நதீரா.

அவர் ஒரு பிடி அரிசியை எடுத்து டின்னுக்குள் விட்டார்.

"அதென்ன சத்தம்? மழையா அங்க?"

"இல்ல மகள்" என்றார் கச்சிமுகம்மது. "உங்கட உம்மாட பங்கு."

ஜன்னலுக்கு வெளியே பனி விலகி வயல் பச்சையாய்த் தெரிந்தது. அடுப்பில் சின்னச் சட்டி குசுகுசுக்கத் தொடங்கியது. அவர் காதைக் கிட்டக் கொண்டுபோனார்.