சாவியக்கா வங்கி தேடிய வாரம்

என் ஜெராக்ஸ் கடைக்கும் சாவியக்காவின் கடைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அவள் அரம் போடுகிற சத்தம் எனக்குக் கேட்கும், நான் வாடிக்கையாளர்களோடு மல்லுக்கட்டுகிற சத்தம் அவளுக்குக் கேட்கும். பதினோரு வருஷமாக இப்படித்தான். புருஷன் விட்டுவிட்டுப் போன மறுவாரமே அவளுடைய அண்ணன் இந்தக் கடையைப் பிடித்து, சாவி வெட்டப் பழக்கி, உட்கார வைத்தார். அந்த நன்றி அவளுக்கு நிறைய உண்டு. கொஞ்சம் அதிகமாகவே உண்டு என்பது என் கட்சி.

ஏனென்றால் கடை வருமானம் முழுக்க அண்ணன் கணக்குக்குத்தான் போகும். கேட்டால் கொடுப்பார், ஆனால் கேட்க வேண்டும். போன வருஷம் புது மெஷின் வாங்க அக்கா கேட்டபோது, அந்தப் பணம் அவர் வீட்டு மாடியாக எழும்பியிருந்தது. "உனக்கில்லாத மாடியா? எப்ப வேணாலும் வந்து இருந்துக்கோ" என்றார். அக்கா தலையாட்டினாள். பலகைக்கு இந்தப் பக்கம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு திங்கட்கிழமை பெரிய ஆர்டர் வந்தது. புதிதாகக் கட்டிய அடுக்குமாடி முழுக்கப் பூட்டு மாட்டி, சாவி போட்டுத் தர வேண்டும். கட்டடக் கம்பெனிக்காரர்கள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். கடை பெயரில் வங்கிக் கணக்கு இருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் அந்த எண்ணைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்களாம்.

"தம்பி, இது மட்டும் என் பேர்ல, நானே ஆரம்பிக்கணும்" என்றாள் அக்கா. சொல்லும்போது குரல் உள்ளே போய்விட்டது. ஏதோ திருட்டுக்குத் திட்டம் போடுகிறவள் மாதிரி வாசலை வேறு பார்த்துக்கொண்டாள்.

விஷயம் எப்படியோ அண்ணன் காதுக்குப் போய்விட்டது. புதன்கிழமை காலை வந்து நின்றார். "முக்குல இருக்கற பேங்க் மேனேஜர் நம்ம ஆளு. நீ கையெழுத்து மட்டும் போடு, மத்ததெல்லாம் அவன் பாத்துக்குவான்" என்றார். அக்கா என்னைப் பார்த்த பார்வையில், 'கூட வா' என்று இருந்தது. என் கடையை மூடிவிட்டுப் போனேன். எனக்கென்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் நான் திரும்பியிருக்க மாட்டேன்.

மேனேஜர் எழுந்து நின்று வரவேற்றார். டீ வந்தது. விண்ணப்பம் ஏற்கெனவே பூர்த்தியாகி இருந்தது. கணக்கை இயக்குபவர் என்ற இடத்தில் அக்கா பெயருக்குக் கீழே அண்ணன் பெயரும் இருந்தது.

அக்கா டீயைத் தொடவில்லை. "சார், ஒண்ணு கேக்கலாமா? என் பேர் மட்டும் போட்டா, அண்ணன் வந்து கேட்டா கணக்குல எவ்வளவு இருக்குன்னு சொல்வீங்களா?"

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். "என்னம்மா இது, கூடப் பொறந்தவருக்குச் சொல்லாம? ஒரு போன் அடிச்சாப் போதும்."

அண்ணனும் சிரித்தார். அக்கா பேனாவை மூடி மேஜையில் வைத்தாள். "ரெண்டு நாள் டைம் குடுங்க சார்" என்று எழுந்துவிட்டாள். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. வெளியே வந்ததும், "நாலு பேர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்ட" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா கடையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

வியாழக்கிழமை மதியம் தியேட்டருக்கு எதிரே இருக்கும் வங்கிக்குப் போனோம். அங்கே எழுந்து நிற்க யாரும் இல்லை. டீயும் இல்லை. டோக்கன் எடுத்து ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். கவுண்டரில் இருந்த பெண் நான் எடுத்த பிரதிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அவ்வளவு தெளிவான பிரதியை அவள் ஆயுளில் பார்த்திருக்க மாட்டாள், ஆனால் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஒரிஜினல் எங்கம்மா?"

அங்கேதான் மாட்டினோம். அக்காவின் எல்லா ஒரிஜினலையும் பத்திரமாக இருக்கட்டும் என்று அண்ணன் தன் வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். பதினோரு வருஷமாக அக்கா எதற்கும் பிரதியையே நீட்டிப் பழகிவிட்டாள்.

"நான் பக்கத்துக் கடைக்காரன் மேடம். இவங்கதான் இவங்கன்னு நான் சொல்றேன்ல?" என்று நுழைந்தேன்.

"உங்களுக்குத் தெரியும் சார். எனக்குத் தெரியாதே" என்றாள் அந்தப் பெண். "நாளைக்கு மூணரைக்குள்ள கொண்டுவந்தா நாளைக்கே நம்பர் தந்துடறேன்."

எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே கத்தியிருப்பேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அப்புறம் குனிந்து, புதன்கிழமை கேட்ட அதே கேள்வியை அவளிடமும் கேட்டாள்.

"அண்ணனா?" அந்தப் பெண் அடுத்த டோக்கனுக்கு மணியை அழுத்தியபடியே சொன்னாள். "ஒரிஜினல் இல்லைன்னு உங்களையே திருப்பி அனுப்பறேன். அவருக்கு எப்படிம்மா சொல்வேன்?"

வெளியே வந்து நான் அந்த வங்கியின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தேன். அக்கா கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில், "இதான் தம்பி எனக்குத் தோதான பேங்க்" என்றாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அண்ணன் வீட்டில் இருந்தோம். அவர் தன் கடைக்குச் சரக்கெடுக்கப் போயிருந்தார். போனை எடுக்கவில்லை, வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். அண்ணி எங்களை உள்ளறையில் உட்காரச் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். எதிரே பீரோ. சாவி அண்ணன் இடுப்பில்.

ஒன்று அடித்தது. ஒன்றரை ஆனது. அந்த பீரோ பூட்டு அக்காவுக்கு ஒரு பூட்டே இல்லை. கொண்டை ஊசி இருந்தால் எச்சில் விழுங்குவதற்குள் திறந்துவிடுவாள்.

"திறங்கக்கா. உங்க காகிதம்தானே?" என்றேன் மெதுவாக.

"காகிதம் என்னுது. பூட்டு அவருது." அக்கா கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். "வீட்டுக்காரர் வந்து நிக்காம நான் எந்தப் பூட்டையும் தொட்டதில்ல. இன்னைக்குத் தொட்டா அப்புறம் நான் இந்தத் தொழிலே செய்யக் கூடாது."

இரண்டே காலுக்கு அண்ணன் வந்தார். எங்களைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"என் ஒரிஜினலெல்லாம் வேணும்ணே. கணக்கு ஆரம்பிக்கப் போறேன். வேற பேங்க்ல."

"நான் வர்றேன்."

"வேண்டாண்ணே."

அந்த வீட்டில் அந்தச் சொல்லை அவள் அதற்கு முன் சொன்னதில்லை என்பது அண்ணியின் முகத்திலேயே தெரிந்தது. அண்ணன் பீரோவைத் திறந்தார். உறையை எடுத்து அவள் கையில் கொடுக்கவில்லை, கட்டிலில் போட்டார். அக்கா எடுத்துக்கொண்டாள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல ஓடினோம். மூன்று இருபத்தெட்டுக்கு வங்கிக் கதவைத் தொட்டோம். கம்பெனிக்கு எண் போய்ச் சேர்ந்தபோது ஐந்தாக ஒன்பது நிமிஷம் இருந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். கம்பெனி முன்பணம் போட்ட மூன்றாம் நாள், அண்ணன் அக்காவின் கடைக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது. நான் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"உன் பேங்குக்குப் போயிருந்தேன். பணம் வந்துச்சான்னு கேட்டேன். நீங்க யாருன்னு கேக்கறா! அண்ணன்னு சொன்னேன். உக்காரச் சொல்லித் தண்ணி குடுத்தா. ஒரு வார்த்தை சொல்லல." மூச்சு வாங்கினார். "உன்னை வளத்து ஆளாக்கினவன்கிட்ட நீயே சொல்லியிருக்கலாமே, 'அண்ணே, என் பணத்தைத் தொடாதீங்க'ன்னு. அதுக்கு எதுக்கு ஒரு பேங்க்?"

அரம் நின்றது. அக்கா அழுகிறாள் என்பது எனக்குப் பலகை வழியே தெரிந்தது.

"உங்களுக்கு இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வராதுண்ணே. பதினோரு வருஷமா முயற்சி பண்றேன், வரல. அதான் எனக்காகச் சொல்ற ஆளைத் தேடிப் போனேன்."

நான் எட்டிப் பார்த்தேன். அண்ணன், வாடிக்கையாளர்கள் உட்காருகிற ஸ்டூலை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தார்.