தோண்டிய தரையில் கோலம்

ஜெயங்கொண்டம் பக்கத்தில் இருந்த எங்கள் முந்திரிக் கொல்லையில் பழைய செங்கல் கிடைப்பது புதிதில்லை. மண்வெட்டி போட்டால் பலகை போல ஒன்று வரும். துணி துவைக்கவோ மாட்டுத் தொட்டிக்கு முட்டுக் கொடுக்கவோ ஆகும். கொல்லையில் இருந்த மேட்டைத் தோண்டி ஆராயத் தொல்லியல் துறை சார் ஒருவர் ஜீப்பில் வந்தபோது, நான் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டேன்.

"தோண்டுங்க சார். ஆனா எங்க தெரு ஆளுங்கதான் தோண்டுவோம். வெளியூரு ஆளு கால் வைக்கக் கூடாது."

எனக்குக் கொஞ்சம் வாய் அதிகம். சார் நல்லவர், ஒத்துக்கொண்டார். ஆனால் சென்னையில் இருந்த பெரிய அதிகாரிக்கு அதில் இஷ்டமில்லை. தோண்டிப் பழகிய ஆட்களை அனுப்புகிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். "நேர்ல பாத்துட்டு முடிவு சொல்வாரு. ஏதாவது தப்பு நடந்தா உங்களையெல்லாம் நிறுத்திடுவாரு" என்று சார் எங்களை எச்சரித்தார்.

மாசி மாதம் ஒரு தரை கிடைத்தது. செங்கல் பரப்பிய தரை, ஓரத்தில் வாசற்படி. பிரஷ்ஷால் தடவித் தடவி, ஊதி ஊதித் துடைத்தோம். "ஆயிரம் வருஷமா இந்த வீட்ல மனுஷன் கால் படல" என்றார் சார். எல்லாரும் வாயைப் பிளந்து நின்றோம். காலையில் படம் எடுக்க அதிகாரியே வருகிறார் என்று அன்று சாயங்காலம் தகவல் வந்தது.

மறுநாள் நாங்கள் போய்ச் சேருவதற்குள் என் ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி, அங்கே போய்விட்டாள். தரை முழுக்கச் சாணி தெளித்து, பெருக்கி, படிக்கு முன்னால் புள்ளிக்கோலம் போட்டு, காவியும் இட்டிருந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அழகு வேறு பார்த்தாள். கழுவிவிடலாம் என்று நான் குடத்தைத் தூக்குவதற்குள் ஜீப் வந்துவிட்டது.

அதிகாரி குழி ஓரம் நின்று பார்த்தார். சார் முகத்தில் ஈயாடவில்லை.

"யாரும்மா இதச் செஞ்சது?"

"நான்தாங்க" என்றாள் ஓரகத்தி, துளியும் பயமில்லாமல். "ஆயிரம் வருஷமா வாசத் தெளிக்காமக் கெடந்த வூடு. நீங்க வேற வரீங்க. அப்படியே போட்டு வச்சிருந்தா நல்லாவா இருக்கும்?"

போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அதிகாரி ஷூவைக் கழற்றிவிட்டுக் குழியில் இறங்கினார். கோலத்தை மிதிக்காமல் சுற்றிப் போய்ப் படியருகே குந்தினார். பிறகு கேமராவை எடுத்து ஒரு படம் பிடித்தார்.

"சாணி தெளிச்சது தப்பும்மா. செங்கல் மேல இருக்கிற மண்ணையும் நாங்க சோதிக்கணும். இனிமே இந்தப் பக்கம் சாணி வாளி வரக் கூடாது" என்றார். சாரிடம் திரும்பினார். "இவங்களே கழுவட்டும். அடுத்த குழியையும் இவங்களே தோண்டட்டும். தன் வீடுன்னு நெனைக்கிறவங்கள அனுப்பிட்டு நான் யார வச்சுத் தோண்டறது?"

எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. ஓரகத்திக்கு மட்டும், போட்ட கோலத்தைக் கழுவச் சொல்லிவிட்டாரே என்று மத்தியானம் வரைக்கும் கோபம்.