சிவப்பு வரியை மறைக்க மாட்டேன்

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டு. அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள நான் ஒருத்திதான். திரையில் தெரியாமல் பின்னால் ஓடும் புரோகிராம்களை சர்வீஸ் என்போம். அவற்றில் எது ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்று தினமும் காலையில் ஸ்கிரிப்ட் என்னும் சின்னக் கட்டளைத் தொகுப்பு ஒன்று பட்டியல் எடுக்கும். அது ரிப்போர்ட்டாக என் பெயரில் சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் போகும்.

ஒரு நாள் லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் எடைமேடை நின்றுபோனது. உப்பு மூட்டை ஏற்றிய லாரிகள் கேட்டுக்கு வெளியே வரிசை கட்டின. எடை போடும் அண்ணாச்சி போனில் கத்தினார்.

"யம்மா, இங்கன எடையே காட்ட மாட்டேங்கு. டிரைவர்மாரு சத்தம் போடுதாவ."

பட்டியலைப் பார்த்தேன். நின்றுபோனது எதுவுமே இல்லை என்றது. எடைமேடை கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் எடை வந்துவிட்டது. ஆனால் சென்னை மேலாளர் விடவில்லை. "ரிப்போர்ட்ல எல்லாம் சரியா இருக்கே. அப்போ நீங்கதான் எதையோ கெடுத்திருக்கீங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஸ்கிரிப்டை என் கையாலேயே ஓட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு சிவப்பு வரி வந்து போனது. எடைமேடையின் சர்வீஸைப் பார்க்க அனுமதி இல்லையாம். பிழைகள் திரையில் மட்டும் வரும், ரிப்போர்ட்டில் ஏறாது. அதனால்தான் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை. எல்லா உரிமையும் உள்ள அட்மின் கணக்கில் ஓட்டினேன், அதே சிவப்பு. அந்த சர்வீஸின் அனுமதிகளைத் தோண்டிப் பார்த்தேன். எடைமேடை மென்பொருளை விற்றவர்கள் தங்கள் கணக்கைத் தவிர வேறு எவருக்கும் பார்க்கும் உரிமையைக்கூட வைக்கவில்லை.

அவர்களைக் கூப்பிட்டேன். "அது எங்க சிஸ்டம் மேடம், நீங்க தொட வேண்டாம்" என்றார் ஒருவர்.

"தொடணும்னு கேக்கல. பாக்கணும்னுதான் கேக்கேன். எங்க கம்ப்யூட்டர்ல ஓடுறது நின்னா எனக்குத் தெரியணுமா, வேண்டாமா?"

போனை வைத்துவிட்டார். நான் ஸ்கிரிப்டை மாற்றி, பிழையும் ரிப்போர்ட்டின் தலையிலேயே சிவப்பாக வரும்படி செய்தேன். மறுநாளே மேலாளர் அழைத்தார்.

"இந்த வாரம் ஆடிட். சிவப்பா எதுவும் வரக் கூடாது. எரரை மறைக்க ஸ்கிரிப்ட்ல ஒரு வார்த்தை சேர்த்தா போதும்ல? உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். சேக்க மாட்டேன்."

"என்னது?"

"பாக்க முடியாததை ஓடுதுன்னு நான் எழுத முடியாது. வேணும்னா நீங்களே மறைச்சு உங்க பேர்ல அனுப்புங்க. எம் பேர்ல போகாது."

"இந்த வேலைக்கு ஆளா கிடைக்காது?" என்றார். "பாத்துக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டேன்.

அன்று மாலை ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது வழியெல்லாம் வீட்டு வாடகையை நினைத்துக்கொண்டே வந்தேன். ஆனாலும் காலையில் சிவப்பு வரியோடுதான் ரிப்போர்ட் போனது. அதற்கும் அடுத்த நாளும் போனது.

ஆடிட்டுக்கு வந்தவர்கள் முதலில் கேட்டதே அந்த வரியைத்தான். மேலாளர் என்ன பதில் சொன்னாரோ, எனக்குத் தெரியாது. சாயங்காலம் மென்பொருள்காரர்களே கூப்பிட்டு, பார்க்கும் அனுமதியைத் திறந்துவிட்டார்கள். அதன்பிறகுதான் கோளாறு பிடிபட்டது. மின்சாரம் போய் வரும்போது, எடைக் கணக்குகளைச் சேர்த்து வைக்கும் டேட்டாபேஸ் எழுவதற்கு முன்பே அந்த சர்வீஸ் எழுந்து, அது கிடைக்காமல் விழுந்துகொண்டிருந்தது. கொஞ்சம் தாமதித்து எழும்படி அவர்களிடம் சொல்லி மாற்ற வைத்தேன். லாரிகள் அப்புறம் அதற்காக நிற்கவில்லை.

அந்த வருடம் பதவி உயர்வில் என் பெயர் இல்லை. ஏன் என்று நேரிலேயே போய்க் கேட்டேன். "மேலிடத்தோட ஒத்துப்போற குணம் கம்மி" என்றார்கள்.

"ஆமா, கம்மிதான்" என்று சொல்லிவிட்டு என் நாற்காலிக்குத் திரும்பினேன்.