பூங்கா ரேடியோவில் தம்பியின் தவில்

திருச்சிப் பூங்காவில், கம்பத்தில் கட்டிய ரேடியோவில் நாகஸ்வரக் கச்சேரி ஒலிக்கிறது. தவில் என் தம்பி. எங்கள் ஊர் தொட்டியத்துக்கு இன்னும் ரேடியோ வரவில்லை. வாழைக்குத் தண்ணீர் கட்டுவதைப் போட்டுவிட்டு இதற்காகவே பஸ் ஏறி வந்திருக்கிறேன். பக்கத்தில் சுண்டல்காரர் விடாமல் கூவுகிறார். நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. தவில் மட்டும் தனியாகத் தொடங்கியதும் பொறுக்க முடியவில்லை.

"கொஞ்சம் கூவாம இருங்க. வாசிக்கிறது என் தம்பி."

"அடடே, முன்னாடியே சொல்லக் கூடாதா!" என்றவர் பெஞ்சின்மேல் ஏறிவிடுகிறார். "யாரும் பேசாதீங்க! இவரு தம்பிதான் தவிலு!"

பூங்காவே என்னைத் திரும்பிப் பார்க்கிறது. கூசித் தலைகுனிகிறேன். இப்போது ஒவ்வொரு அடியும் தெளிவாகக் கேட்கிறது. முடிந்ததும் எல்லோரும் என் பக்கம் திரும்பிக் கைதட்டுகிறார்கள். எழுந்து நின்று, தம்பிக்காக நான் கும்பிடுகிறேன்.